ராவுத்தர் காடியில் வைத்த திருகு

மாட்டுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காமல் மாட்டுங்கள். வேகக் காடி, அதாவது கார், வைத்திருப்பவர் அதில் டிராக்கர் வைப்பது பிரயோசனமா, வீண் வேலையா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். மலாக்காவில் காடிகளுக்கு வயர் இழுத்தே வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வரும்.

போன மாதம் புக்கிட் பாருவிலிருந்து ஒருவர் என் வீடு தேடி வந்தார். தரையோடு தரையாகப் போகிற டர்போ காடி. நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது இருப்பவர்கள்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் சொன்னால்தான் இவர் கேட்பாராம்.

"அங்கிள், டிராக்கர் போட்டா பிரயோசனம் இருக்கா? கூட்டாளிங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அவங்கள்ல யாராச்சும் போட்டிருக்காங்களா?"

"ஒருத்தன் போட்டிருக்கான் அங்கிள். பின் சீட்டுக்கு அடியில, இடது பக்கம்."

"இப்ப அது எனக்கும் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அந்தக் காடி காணாமப் போனா போலீஸ் என்னையும்தானே வந்து கேக்கும்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்திருந்த ஒரே குற்றத்துக்காக போலீஸ் லோக்காப்பில் போய் உட்கார்ந்த ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். வந்தவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரிடம் சுருக்கிச் சொன்னேன், இங்கே சுருக்கப்போவதில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தை விட்டதும் காஜா பெராங்கில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முதலில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், பிறகு டைனமோ கழற்றினேன், பிறகு வயர் இழுத்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் படுகிற பாடுதான்.

சொல்ல வேண்டியது எங்கள் மண்டோரைப் பற்றி. பட்டறையில் எல்லாருக்கும் மேலே அவர்தான். மலாக்கா செட்டிகளில் ஒருவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட வம்சம். பட்டறைக்குப் பின்னால் இருந்த செட்டி கம்பம் என்ற குடியிருப்பில் வீடு. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது, ஆனால் வாயில் தமிழ் வராது. அவர் வீட்டிலும் பட்டறையிலும் மலாய்தான் பேசுவார், நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள் தலைகாட்டும். புதிதாக வந்த தமிழர்கள் இதைப் பார்த்து முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான். அவர் மலாயில் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

அவர் யாரையும் திட்டியதில்லை. நம் வேலை பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் வந்து நிற்பார், நம் கையில் இருக்கும் ஸ்பேனரை மெதுவாக எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதைத் திரும்பக் கேட்கப் போகும்போது உயிரே போய்விடும். திட்டியிருந்தால் தேவலை. காடிக்குள் ஏறுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், இருக்கையில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். இருட்டான இடத்தில் கைவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். "கண்ணால தேடாதே வேலு, கையால தேடு. பெலான்-பெலான்" என்பார். அவசரப்படாதே என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவரைப் போல வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த நேரம் அது. தோட்டங்களில் இருந்த வெள்ளைக்கார துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஊருக்குப் போன ஒரு துரையிடமிருந்து துணிக்கடை காதர் ராவுத்தர் ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் காடியை வாங்கினார். இரண்டே இருக்கை, துணிக் கூரை, நீண்ட மூக்கு. கிளப்பினால் தெருவில் இருக்கிற நாய் எல்லாம் எழுந்து நிற்கும். ராவுத்தர் உஜோங் பாசிரில் குடியிருந்தார். கடைக்குப் போக வர அவருக்கு வேறு காடி இருந்தது. அதை ஓட்டியவர் சுப்பையா அண்ணன். பச்சைக் காடியை ராவுத்தர் தானே ஓட்டுவார். அதைக் கழுவித் துடைத்து, கூரையை மடக்கி விரித்து, இடம் மாற்றி நிறுத்துவது சுப்பையா அண்ணன் வேலை.

அந்த மாதிரிக் காடியைத் திருடுவது ரொம்பச் சுலபம். கதவுக்குப் பூட்டுக் கிடையாது. டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு வயரைத் தொட வைத்தால் சாவியே வேண்டாம். ராவுத்தர் மண்டோரிடம் வந்து இதற்கு வழி கேட்டார்.

இன்றைக்கு டிராக்கர் விற்கிறவர்கள் புதிதாக ஏதோ கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். காடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வழி அப்போதே எங்கள் மண்டோரிடம் இருந்தது. வயரைத் துண்டிக்கிற ரகசிய சுவிட்ச் அவருக்குப் பிடிக்காது. காடி கிளம்பவில்லை என்றால் திருடன் வீட்டு வாசலிலேயே நின்று சாவகாசமாகத் தேடுவான். அதனால் பெட்ரோல் போகிற செம்புக் குழாயில், திருப்பினால் வழியை அடைக்கிற ஒரு பித்தளைத் திருகு வைப்பார். திருகை மூடினாலும் காடி கிளம்பும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி, நடுரோட்டில் இருமி நின்றுவிடும். திருடனுக்கு ஏன் நின்றது என்று புரியாது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

திருகு வைத்தது நான். மண்டோர் முதலில் ராவுத்தரைக் காடியில் ஏறி இறங்கச் சொன்னார், மறுபடியும் ஏறச் சொன்னார். உட்காரும்போது கை எங்கே தானாகப் போய் விழுகிறது என்று பார்த்தார். அந்த இடத்தைத் தவிர்த்து, இருக்கைக்கும் கியர் மேட்டுக்கும் நடுவே, கம்பளத்துக்கு அடியில் இடம் குறித்தார். நான் குழாயை வெட்டி, முனைகளைப் புனல்போல விரித்து, திருகைக் கோத்து முடுக்கினேன். கம்பளத்தை மூடியபின் இடது கை விரலை உள்ளே விட்டால்தான் தட்டுப்படும். பிறகு திருகை மூடிவிட்டு ராவுத்தர் வீட்டு வாசலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். டவுன் பக்கம் போனால் ஒரு காப்பிக்கடை முன்னால் நின்றது. எதிர்ப்பக்கம் போனால் ஒரு மளிகைக்கடை தாண்டி நின்றது. மறுபடி மறுபடி ஓட்டினோம், அங்கேதான் நின்றது. மண்டோர் அந்த இரண்டு கடைக்காரர்களிடமும் போய், பச்சைக் காடி இங்கே நின்றால் ஓட்டியவனைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்து ஆள் அனுப்பச் சொன்னார். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட் செய்கிற வேலையை அந்தக் காப்பிக்கடை தௌக்கே, அதாவது கடை முதலாளி, செய்தார்.

இடத்தைச் சொல்வதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு காடிக்கு ஒரு ஆள்தான். சொந்தக்காரரை இருக்கையில் உட்காரவைத்து, வைத்தவன் அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்ட வேண்டும். வாயால் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது.

"சுப்பையாவுக்கும் காட்டிருங்க மண்டோர்," என்றார் ராவுத்தர். "காடிய நகர்த்தி நிறுத்தறது அவன்தானே."

மண்டோருக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் தலையாட்டினார். சுப்பையா அண்ணன் கையையும் நான்தான் பிடித்துக் காட்டினேன்.

அந்த வருடம் பட்டறையில் ஆயுத பூசை அமோகமாக நடந்தது. சுதந்திரம் வந்த சந்தோஷம், கேட்கவா வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களின் டிரைவர்கள் காடிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்களும் வந்தார்கள். மண்டோர் சாரோங் கட்டி, தலையில் துணி சுற்றி, கண்ணை மூடி நின்றார். தேவாரம் பாட என்னைத்தான் கூப்பிடுவார். சுப்பையா அண்ணன் ராவுத்தரிடம் கேட்டுக்கொண்டு பச்சைக் காடியை எடுத்து வந்திருந்தார். "ஒன் சாமிக்குச் செய்றத நீ செய், காடி நல்லா இருந்தா எனக்கும் நல்லதுதானே," என்று சொல்லியிருந்தாராம் ராவுத்தர். சுண்டல் தின்றோம், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் காடிகளைக் கிளப்பினோம், எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சுப்பையா அண்ணன் ராவுத்தரைத் தொழுகைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது பச்சைக் காடியைக் காணோம்.

ராவுத்தர் பதறவில்லை. காப்பிக்கடை வாசலில் நிற்கும் என்று நம்பிப் போனார். அங்கே ஒன்றும் இல்லை.

"பாத்தேன் தௌக்கே," என்றாராம் கடைக்காரர். "பறந்து போச்சு. இன்னிக்கு ஒங்களுக்கு என்ன அவசரமோன்னு நெனைச்சேன்."

காடி நிற்காமல் போனது என்றால் திருகு திறந்திருக்கிறது. திருகு எங்கே என்று எங்கள் பட்டறைக்கு வெளியே தெரிந்தவர் இரண்டே பேர். ராவுத்தர் போலீஸில் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். தனக்குத் தெரியும், வைத்தவனுக்கும் மண்டோருக்கும் தெரியும், தன் டிரைவருக்குத் தெரியும் என்றார். மண்டோரும் நானும் அந்த நேரம் பட்டறையில் நாலு வாடிக்கையாளருக்கு முன்னால் வேலையாக இருந்தோம். சுப்பையா அண்ணனும் பள்ளிவாசல் வாசலில்தான் இருந்தார். ஆனால் பூசைக்குப் பின் காடி அவர் பொறுப்பில்தான் இருந்தது. யாருக்கோ சொல்லிக்கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக முதலாளியோடு போய்விட்டார் என்று முடிவு கட்டி அவரை உள்ளே வைத்தார்கள்.

அவர் மனைவி பாக்கியம் அக்கா பட்டறைக்கு ஓடி வந்தார். அழவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கு. நானும் புள்ளைங்களும் இங்கயே பொறந்தவங்க. அவரு மட்டும் ஊர்ல பொறந்தவரு. போலீஸ் கேஸு இருந்தா குடுக்க மாட்டாங்களாம். கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டா நாங்க என்னா செய்வோம்?"

அந்த வருடங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். நாடு பிறந்துவிட்டது. அதில் யார் இருக்கலாம் என்பது ஒரு காகிதத்தில் இருந்தது. நன்னடத்தை என்று அதில் ஒரு வரி இருந்தது. திருட்டுக் கேஸில் மாட்டிய டிரைவருக்கு நன்னடத்தை என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?

காடி ஆயர் குரோவுக்கு அப்பால் ஒரு ரப்பர் காட்டுப் பாதையில் கிடைத்தது. அப்போது அங்கே ரப்பர் மரம்தான், வேறு எதுவும் கிடையாது. முன்சக்கரம் கால்வாயில் இறங்கி நின்றதால் திருடன் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான். இழுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கே வந்தார்கள். கூடவே ஒரு மலாய்க்கார இன்ஸ்பெக்டர் வந்தார். துவான், அதாவது ஐயா, என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நல்ல உயரம், அவசரமில்லாத பேச்சு. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. திருகைத் தேடி உடைத்துத் திறந்தார்களா, தெரிந்து திறந்தார்களா?

மண்டோர் என்னைப் பார்த்தார். நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். துணி விரித்து ஏறினேன். மற்ற இடங்களில் ஒரு கீறல் இல்லை. இருக்கையைக் கிளப்பவில்லை, வயர் எதையும் பிடுங்கித் தேடவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் கம்பளம் ஒழுங்காக மடித்துவிடப்பட்டிருந்தது. திருகு முழுசாகத் திறந்திருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டோர் பக்கத்தில் நிற்கும்போது காடியைப் பற்றிப் பொய் சொல்ல என்னால் முடியாது.

"தெரிஞ்சுதான் திறந்திருக்காங்க துவான்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். சுப்பையா அண்ணன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மண்டோர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரே உள்ளே குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"துவான், இங்க பாருங்க," என்றார்.

ஸ்டியரிங்கில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கியர் தடியில், ஹார்னில், பிரேக்கில், சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் எல்லாம் இருந்தன. அதில் ஆச்சரியம் இல்லை, பூசைக்கு வந்த எல்லாக் காடியிலும் அப்படித்தான் இருக்கும். மண்டோர் கம்பளத்தை மடித்தார். பித்தளைத் திருகின் தலையிலும் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அதுமட்டுமில்லை. கம்பளத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் பதிந்திருந்தது. சந்தனம் தோய்ந்த கையாலேயே கம்பளத்தைத் தூக்கியிருக்கிறார் சுப்பையா அண்ணன்.

"யாருக்காச்சும் காட்டினியான்னு நீங்க அவனைக் கேட்டீங்க," என்றார் மண்டோர். "இல்லைன்னு சொல்லியிருப்பான். அது உண்மை. அவன் சாமிக்குத்தான் காட்டினான். எங்க ஆளுங்களுக்கு, வேலை செய்யற பொருள் ஒண்ணைக்கூட பூசையில விட மனசு வராது. விட்டா அது கோவிச்சுக்கும்னு நெனைப்போம். நானே அவன் இடத்துல இருந்தாலும் வச்சிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் அதைச் சட்டென்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பொட்டு வைத்தது உண்மையாகவே இருக்கட்டும், கம்பளத்து ஓரத்துச் சின்னக் கறையைப் பார்த்து ஒருவன் திருகைக் கண்டுபிடிப்பானா? அவர் சுற்றிப் பார்த்தார். கொட்டகையில் பிரேக் வேலைக்கு வந்த ஒரு டாக்டரின் காடி நின்றது. அதுவும் பூசைக்கு வந்த காடிதான்.

"அதுலயும் இந்தத் திருகு இருக்கா?"

"இருக்கு துவான்."

"இடத்தைச் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்."

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மண்டோர் வழக்கம்போலத் துணி விரிக்க மறக்கவில்லை. அந்தத் திருகை டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒருக்களித்துப் படுத்தால்தான் தெரிகிற இடத்தில் வைத்திருந்தேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. நான் சுவரில் சாய்ந்து நிற்பதற்குள் இன்ஸ்பெக்டர் வெளியே வந்துவிட்டார். அவர் விரலிலும் மஞ்சள்.

தன் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இது சாமி கும்பிடத் தெரிஞ்ச திருடன்," என்றார். "பூசைக்கு யார் யார் வந்தாங்க?"

அதற்கப்புறம் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வந்தவர்களை விசாரித்தார்கள். வேறொரு பட்டறையில் வேலை செய்த ஒருவன் எங்கள் சுண்டலைத் தின்றுகொண்டே பச்சைக் காடியைச் சுற்றிச் சுற்றி வந்ததை இரண்டு டிரைவர்கள் சொன்னார்கள். கேட்டதும் ஒப்புக்கொண்டான். சுப்பையா அண்ணன் மேல் கேஸ் எழுதப்படவே இல்லை. குடியுரிமைக் காகிதமும் பிற்பாடு வந்தது. நாங்கள் அந்த வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. பூசைக்கு வந்த காடிகளை எல்லாம் திரும்ப வரவழைத்து, திருகுகளைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினோம். முக்கால்வாசிக் காடிகளில் பொட்டு இருந்தது; ராவுத்தரைப் போலவே மற்ற சொந்தக்காரர்களும் டிரைவர்களுக்குக் காட்டிக்கொடுத்திருந்தார்கள். மண்டோர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஆகையால் டிராக்கர் பிரயோசனமா என்று என்னைக் கேட்காதீர்கள், அது பிரயோசனம்தான். எங்கள் திருகு மோசமில்லை, அதைவிட இது நூறு மடங்கு மேல். காடி எங்கே நிற்கிறது என்று உங்கள் போன் சொல்லிவிடும். ஆனால் அதை எங்கே வைத்திருக்கிறது, யாருக்கெல்லாம் தெரியும், காணாமல் போனால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள், இதையெல்லாம் மாட்டுவதற்கு முன்னாலேயே யோசியுங்கள். காடி போனால் காடிதான் போகும். ஒரு மனுஷன் மேல் விரல் நீட்டிவிட்டால் அதை மடக்குவது லேசில்லை.

ராவுத்தர் அதை எப்படி மடக்கினார் என்பதையும் நான் பார்த்தேன்.

பச்சைக் காடியில் திருகை இடம் மாற்றிய அன்று அவரே வந்தார், சுப்பையா அண்ணனையும் அழைத்து வந்தார். சுப்பையா அண்ணன் பழைய மாதிரி இல்லை. காடியிலிருந்து தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மண்டோர் தன் முறைப்படி ராவுத்தரை இருக்கைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை ஒரு ஆளுக்குத்தான் சொல்வேன் என்றார்.

"ஒரு ஆளுக்கே சொல்லுங்க மண்டோர்," என்றார் ராவுத்தர். "எனக்கு வேணாம். சுப்பையாவுக்குக் காட்டுங்க."

சுப்பையா அண்ணன் ஓரடி பின்னால் போனார். "வேணாம் மொதலாளி. தெரிஞ்சு வச்சிருந்ததுக்குத்தானே உள்ள போட்டாங்க. இனிமே என்னால முடியாது. வேற ஆள் பாத்துக்குங்க."

ராவுத்தர் முகம் சிறுத்துவிட்டது. "போலீஸ்ல நான் பொய் சொல்லல சுப்பையா. ஆனா ஒண்ணு விட்டுட்டேன். இவனுக்குத் தெரியும்னு சொன்னேன். இவன் எடுக்க மாட்டான்னு சொல்லல. அது என் வாயில வரல. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல."

ராவுத்தர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இனிமே எனக்குத் தெரியாது. ஒனக்கு மட்டும்தான் தெரியும். காடி போச்சுன்னா போவட்டும். நீ எடுக்கலைன்னு நான் போய் நிப்பேன்."

சொல்லிவிட்டு ராவுத்தர் பட்டறை வாசலுக்கு நடந்து போய், ரோட்டைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். மண்டோர் வெள்ளைத் துணியை எடுத்து இருக்கையில் விரித்தார். சுப்பையா அண்ணன் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். ஏறி உட்கார்ந்ததும் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டார், கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. விரல் திருகைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சுதா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ராவுத்தர் அப்போதும் திரும்பவில்லை.

சுப்பையா அண்ணன் திருகைத் திறந்தார். கம்பளத்தை இழுத்து மூடினார். காடியைக் கிளப்பினார்.

"முடிஞ்சுது மொதலாளி," என்றார். "வந்து ஏறுங்க."